பதினாறாயிரத்து முன்னூற்று எண்பத்து நான்கு கதவுகள்

தமன்ஹூர் நகரில் கால்வாயின் இந்தக் கரையில் பழைய மருத்துவமனை, எதிர்க்கரையில் புதிய சிறுநீரகப் பிரிவு. நடுவே ஒரு பாலம் இருந்தது, ஒரு கேபிள் இருந்தது, ஓர் உயர் குழு இருந்தது. பாலத்தில் ஆட்கள் போய் வந்தார்கள். கேபிளில் ஒன்றும் போகவில்லை, ஒன்றும் வரவில்லை. இதைத்தான் தன் ஆண்டறிக்கையில் முதல் சாதனையாகக் குழு எழுதிக்கொண்டது.

கேபிளைப் பார்த்துக்கொள்ளும் வேலை வகீஹ் ஷெஹாத்தாவுடையது. வயது முப்பத்தாறு. மருத்துவமனையின் கணினி வலைப்பின்னலுக்கு அவன் ஒருவன்தான் ஆள். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், இயக்குநர் அறை டீவியில் படம் வராவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கோபப்படத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியிருந்தான். இந்தக் கதை நடந்த வருடத்தோடு அந்தப் பெயர் போயிற்று.

பழைய கட்டடத்தில் டைரக்டரி சர்வர் என்று ஒரு பெட்டி உண்டு. வேலை பார்க்கும் எல்லோருடைய பெயர், பாஸ்வேர்டு, யாருக்கு எந்தப் பூட்டு திறக்கலாம் என்ற விவரம் எல்லாம் அதற்குள் இருக்கும். மற்ற கணினிகள் அதைக் கேட்டுத்தான் ஆளை நம்பும். புதிய பிரிவில் இருந்த மருந்து அலமாரியும் அப்படித்தான். திருட்டைத் தடுக்க என்று மருத்துவமனைகள் வாரியம் வாங்கிப் போட்ட மின் அலமாரி அது. பெயரைத் தட்டி, பாஸ்வேர்டைத் தட்டி, நோயாளியின் எண்ணைத் தட்டினால் ஒரு வேளைக்கான மருந்தை மட்டும் வெளியே தள்ளும். அதற்கு மேல் கெஞ்சினாலும் தராது. டயாலிசிஸ் செய்யும்போது ரத்தம் குழாயில் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் ஊசி மருந்து அதற்குள் இருந்தது. பழைய கட்டடத்தில் இருந்த கையிருப்பும் திறப்பு விழா அன்றே அதற்குள் போய்விட்டது.

விழாவன்று கேபிள் நேராக இணைந்திருந்தது. மருத்துவமனை இயக்குநர் டாக்டர் லம்லூம் கேமராக்களுக்கு முன்னால் தன் பெயரைத் தட்டினார். அலமாரி சர்வரைக் கேட்டது, சர்வர் ஆமாம் என்றது, கதவு திறந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலையில் குழு வந்து கேபிளின் நடுவே ஃபயர்வால் என்ற காவல் பெட்டியை வைத்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போயிற்று. அதிலிருந்து அலமாரிக்குத் தெரிந்த மனிதர் உலகத்தில் டாக்டர் லம்லூம் ஒருவர்தான். கேட்க வழியில்லாவிட்டால் கடைசியாகத் தெரிந்த பெயரை அது தொண்ணூறு நாள் நினைவில் வைத்திருக்கும், பிறகு மறந்துவிடும். தொண்ணூறு நாளில் எந்த அலுவலகமும் ஒரு கதவைத் திறந்துவிடும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். அவர்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை.

தலைமை நர்ஸ் மிஸ் இன்ஸாஃப் முதல் வாரத்திலேயே கறுப்பு மார்க்கரை எடுத்து அலமாரிக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாள்: லம்லூம், நவால்1974. டாக்டரின் மனைவி பெயர் சமீஹா. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

"பாஷ்முஹந்திஸ், எங்க இருபத்தாறு பேருக்கும் இப்போ பேரு டாக்டர் லம்லூம்தான்," என்றாள் இன்ஸாஃப். படித்தவனோ இல்லையோ, கணினியைத் தொடுகிற எவனும் அங்கே பாஷ்முஹந்திஸ்தான், தலைமைப் பொறியாளர். "காலையிலேர்ந்து நாற்பது ஊசி எடுத்திருக்கார்னு பொட்டி காட்டுது. மனுஷன் அலெக்ஸாண்ட்ரியாவுல மச்சினி கல்யாணத்துல இருக்கார். நாளைக்கு ஒரு ஊசி காணாமப் போனா யாரைப் பிடிப்பாங்க? சுவத்தையா?"

"விண்ணப்பம் குடுக்கப் போறேன் மிஸ். ஒரு வாரத்துல சரியாயிடும்."

"எந்த வருஷத்து வாரம்?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் வகீஹ் வாரியத் தலைமையகத்தின் நான்காம் மாடிக்கு ஏறினான். கதவில் பித்தளைப் பலகை: வாயில்கள் உயர் குழு. அரபியில் கணினிகள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வழியான போர்ட்டுக்கும் நாட்டின் எல்லைச் சாவடிக்கும் ஒரே சொல். குழுவை அமைத்தவர் அந்தச் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில், எல்லைக் காவலில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வுபெற்ற ஜெனரல் ஃபெக்ரி அல்காஷிஃபைத் தலைவராகப் போட்டுவிட்டார். நியமனத்தில் தவறு இருப்பதாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை. ஜெனரலுக்கே தெரியாது.

செயலாளர் மதாம் ஸுஹைர் தன் மேசையில் முலாம்பழ விதையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். வகீஹ் நீட்டிய ஒற்றைத் தாளை விரல் நுனியால் வாங்கினாள்.

"என்ன இது?"

"புதுப் பிரிவுலேர்ந்து டைரக்டரி சர்வரைக் கேக்கணும் மதாம். அதுக்கு வேண்டிய போர்ட்டெல்லாம் எழுதியிருக்கேன். 53, 88, 135, 389, 445, 464, 636. அப்புறம் 49152லேர்ந்து 65535 வரைக்கும்."

"ஒரே தாள்ல இத்தனையா? உங்க தெருவையே ஒரு பாஸ்போர்ட்ல ஹஜ்ஜுக்கு அனுப்புவியா? ஒரு வாயிலுக்கு ஒரு படிவம். மூணு நகல். அரசாங்கக் கழுகு முத்திரை எல்லாத்துலயும்."

"கடைசியா சொன்னது ஒரு வாயில் இல்ல மதாம். அது ஒரு கூட்டம். பதினாறாயிரத்து முன்னூத்து எண்பத்து நாலு எண். அதுல ஏதோ ஒண்ணைத்தான் சர்வர் அப்பப்போ எடுத்துக்கும்."

மதாம் ஸுஹைர் விதைத் தோலைத் துப்பினாள். "அப்போ பதினாறாயிரத்து முன்னூத்து எண்பத்து நாலு படிவம். நான் என்ன ராக்கெட்டா விடச் சொன்னேன்?"

படிவத்தில் பத்து கேள்விகள் இருந்தன. வாயிலின் எண். வாயிலின் அகலம். உட்புறம் திறக்குமா, வெளிப்புறமா. காவலரின் முழுப்பெயர். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மூடப்படுமா. வாயிலால் பாதிக்கப்படும் அக்கம்பக்கத்தாரின் சம்மதம். வகீஹ் அகலத்துக்கு "இல்லை" என்று எழுதினான். அகலம் இல்லாத வாயிலில் எப்படி நுழைவது என்ற குறிப்போடு படிவம் திரும்பி வந்தது. மறுமுறை "ஒரு மீட்டர்" என்று எழுதினான். ஏற்றுக்கொண்டார்கள்.

நாற்பத்தொன்பதாயிரத்து நூற்று எழுபத்து மூன்று தாள்கள். அவன் அவற்றைத் தானாக நிரப்பிக்கொள்ள ஒரு சின்ன நிரல் எழுதினான். மூன்று பிரிண்டர்கள் ஐந்து நாள் ஓடின. பரிசோதனை முடிவு அச்சிடத் தாள் இல்லை என்று ஆய்வகத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். இருபது பெட்டிகளில் அடுக்கி, தன் பழைய ஃபியட் காரில் நான்கு நடை போய், நான்கு மாடி ஏற்றினான். லிஃப்ட் குழு உறுப்பினர்களுக்கு மட்டும்.

மதாம் ஸுஹைர் மேலே இருந்த படிவத்தைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். "எல்லாத்துலயும் காவலர்னு உன் பேரைத்தானே போட்டிருக்கே? பதினாறாயிரம் கதவுல ஒரே ஆளா நிப்பே? தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கு தெரியுமா?"

அன்று வெளியே வரும்போது வகீஹ் முதல்முறையாகக் கதவை அறைந்து சாத்தினான். பசி என்று நினைத்து வாசலில் நின்று ஒரு தட்டு குஷரி சாப்பிட்டான். அது பசி இல்லை.

நாற்பத்தோராம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். நீண்ட மேசையின் கோடியில் ஜெனரல் ஃபெக்ரி. சாயம் பூசிய மீசை, மேசைமேல் தொப்பி. சுவரில் பாலைவன வரைபடம். பக்கத்து நாற்காலிகளில் நான்கு உறுப்பினர்கள், நான்கு டீக் குவளைகள்.

"உட்காரு மகனே," என்றார் ஜெனரல். "முப்பத்தொரு வருஷம் எல்லையில நின்னேன். என் சாவடியைத் தாண்டி ஒரு ஆடு போனதில்ல. ஏன்னு கேளு."

"ஏன் பாஷா?"

"சாவடியைத் திறக்கவே இல்ல. ஜனங்க அந்தாண்ட வரிசையில நின்னாங்க, இந்தாண்ட வரிசையில நின்னாங்க. அழுதாங்க, கத்தினாங்க. ஒரு பொண்ணு வரிசையிலயே பிள்ளை பெத்தா. எனக்குப் பதக்கம் குடுத்தாங்க. பாதுகாப்புன்னா அதுதான். திறந்து வெச்சுக்கிட்டு யார் வர்றான்னு பார்க்குறது பாதுகாப்பில்ல, வேடிக்கை."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார்.

"இப்போ சொல்லு. 389ன்னு ஒண்ணு, 636ன்னு ஒண்ணு. ரெண்டும் எதுக்கு?"

"ரெண்டுலயும் கேக்குறது ஒண்ணுதான் பாஷா. 389ல வெளிப்படையாக் கேக்கும், நடுவுல யார் வேணா ஒட்டுக் கேக்கலாம். 636ல உறைக்குள்ள போட்டு ஒட்டின மாதிரி. அதான் பத்திரம்."

ஜெனரல் மேசையில் அடித்தார். "பிடிபட்டியா! உறைக்குள்ள எதுக்குப் பேசணும்? மடியில என்ன இருக்கு? யோக்கியன் உரக்கப் பேசுவான். எழுதிக்கோங்க: 389க்கு அனுமதி. 636 நிராகரிப்பு."

"பாஷா, அது தலைகீழா..."

"இன்னும் முடியல. 389 எந்தப் பக்கம் திறக்கும்?"

"புதுப் பிரிவு கேக்கும், சர்வர் பதில் சொல்லும்."

"கேள்வி போகலாம். பதில் வர்றது வேற விஷயம். அது நுழைவு. அதுக்குத் தனி விண்ணப்பம்."

"பதில் வராம கேட்டு என்ன பாஷா பிரயோஜனம்?"

"நான் முப்பத்தொரு வருஷமா அரசாங்கத்தைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் ஜெனரல் பெருமையாக. "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பிறகு அந்த இருபது பெட்டிகளுக்கு வந்தார்கள். எந்த வாயிலால் வருவான் என்று முன்கூட்டியே தெரியாதவனுக்கு எல்லையில் ஒரே பெயர்தான், கடத்தல்காரன் என்றார் ஜெனரல். வகீஹ் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். சர்வரில் ஓர் அமைப்பை மாற்றி எப்போதும் 50000 என்ற ஒரே எண்ணில் பேச வைத்துவிட்டேன், இனி அந்த ஒன்று போதும் என்றான். சிக்கல் தீர்ந்துவிட்டதோ என்று உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள்.

மதாம் ஸுஹைர்தான் காப்பாற்றினாள். "அப்போ மீதி பதினாறாயிரத்து முன்னூத்து எண்பத்து மூணு விண்ணப்பத்தை அவர் வாபஸ் வாங்கணும் பாஷா. வாபஸ் படிவம் சிவப்புத் தாள்ல. மூணு நகல்."

சிவப்புத் தாள் தமன்ஹூரில் எந்தக் கடையிலும் அவ்வளவு இல்லை.

எழுபத்திரண்டாம் நாள் குழு சிறுநீரகப் பிரிவைப் பார்வையிட வந்தது. ஐந்து பேர், ஒரு அளவு நாடா. ஒருவர் வார்டு கதவுகளின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டார். படுக்கைகளில் பன்னிரண்டு பேர் இயந்திரத்தோடு இணைந்து கிடந்தார்கள். ஜெனரல் நடுவில் நின்று பேசினார்.

"உங்க பாதுகாப்புக்காக நாங்க கண் மூடுறதில்ல. இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு வாயில்கூடத் திறந்திருக்கல. பூச்சியம்! வாரியத்துலயே முதலிடம்!"

மூன்றாம் படுக்கையில் இருந்தவர் பயூமி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அந்தப் படுக்கையில் கிடப்பவருக்கு யாரிடமும் பயம் இல்லை.

"பாஷா, முப்பது வருஷம் டிக்கெட் பார்த்தேன்," என்றார். "டிக்கெட் இல்லாதவனை இறக்கி விட்டிருக்கேன். ரயிலையே கிளம்ப விடாம செஞ்சுட்டு மார்தட்டுறவரை இன்னைக்குத்தான் பார்க்குறேன்."

ஜெனரல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அப்போது அவர் கண் சுவரில் பட்டது. "இது என்ன எழுத்து?"

வகீஹ் நகர்ந்து எழுத்தை மறைக்கப் பார்த்தான். இன்ஸாஃப் அசரவில்லை. "பாஸ்வேர்டு பாஷா. எல்லாருக்கும் அது ஒண்ணுதான். கூட்டிப் பெருக்குற பொம்பளைக்கும் தெரியும். டீ விக்கிறவனுக்கும் தெரியும்."

"அது ஏதாவது வாயில் வழியா வருதா, போகுதா?"

"இல்ல. சுவத்துலதான் இருக்கு."

"அப்போ அது நம்ம வரம்புக்குள்ள வராது," என்று சொல்லி ஜெனரல் நகர்ந்தார். அறிக்கையில் பிரிவுக்கு நூற்றுக்கு நூறு.

அவர்கள் பாலத்தைத் தாண்டும்வரை இன்ஸாஃப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பதினெட்டு நாள் இருக்கு," என்றாள். "அதுக்கப்புறம் இந்தப் பொட்டி டாக்டரையும் மறந்துடும். அன்னைக்கு நான் அந்த ஆள் மீசையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இங்க நிறுத்துவேன், பார்த்துக்கோ."

வகீஹ் பதினெட்டு நாளும் நான்கு மாடி ஏறினான். பதில் வருவதற்கான தனி விண்ணப்பம் கொடுத்தான். காவலர் பட்டியலில் இருபத்தாறு நர்ஸுகளின் பெயரையும் சேர்த்தான். இளஞ்சிவப்புத் தாளைச் சிவப்பாக ஏற்க முடியாது என்று திருப்பினார்கள்.

தொண்ணூறாம் நாள் வியாழக்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அலமாரியின் திரை ஒருமுறை இமைத்தது. பயனரைத் தெரியவில்லை என்று எழுத்து வந்தது. இன்ஸாஃப் மறுபடி தட்டினாள். தெரியவில்லை. படுக்கைகளில் இரண்டாம் தொகுதி ஆட்கள் ஊசி குத்தத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

வகீஹ் தொலைபேசியை எடுத்தான். "மதாம், அலமாரி பூட்டிக்கிச்சு. பன்னிரண்டு பேர் படுத்திருக்காங்க. மருந்து உள்ள இருக்கு. இப்போ, இந்த நிமிஷம் திறந்தாகணும்."

"குழு கூட்டத்துல இருக்கு."

"அவசரம்னு சொல்லுங்க!"

"அவசரத்துக்கு வேற குழு. அதுக்கு இன்னும் தலைவர் போடல. எதுக்குக் கத்துறே? எனக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கு."

"என்ன கூட்டம் மதாம் இது?"

"குழுவோட பேரை மாத்துறதைப் பத்தி. உயர் குழுவா, மிக உயர் குழுவான்னு."

வகீஹ் தொலைபேசியை வைத்தான். படியிறங்கித் தன் பழைய ஃபியட்டின் பின்பெட்டியைத் திறந்து, டயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு மேலே வந்தான். வார்டு முழுவதும் அவனையே பார்த்தது. கோபப்படத் தெரியாத மனிதன் இரும்பைக் கதவிடுக்கில் செருகி, காலைச் சுவரில் ஊன்றி, ஒரு இழுப்பு இழுத்தான். பூட்டு சுவரோரமாகத் தெறித்தது. அவன் நிறுத்தவில்லை. கதவு கீல்களோடு கையில் வரும்வரை இழுத்தான், பிறகு அந்தக் கதவையும் இரண்டு அடி அடித்தான். மூன்றாம் படுக்கையில் பயூமி, ஒரு கையை ஊசிக்கு நீட்டி வைத்திருந்ததால், மற்ற கையால் தொடையில் தட்டிக் கை தட்டினார்.

"போதும் விடு," என்றாள் இன்ஸாஃப், ஹெபாரின் குப்பிகளை ஏப்ரனில் அள்ளிக்கொண்டே. "ஒரு நோட்டு கொண்டு வா. யார் எதை எடுக்குறாங்கன்னு கையால எழுதிக்கிறோம். தொண்ணூறு நாளுக்கு அப்புறம் முதல் தடவையா இன்னைக்குத்தான் தெரியப்போகுது."

ஒன்பது நாளில் குற்றப்பத்திரிகை வந்தது: அனுமதியின்றி வாயில் திறத்தல்.

அதே நீண்ட மேசை. பித்தளைப் பலகையில் மட்டும் புதிதாக 'மிக' சேர்ந்திருந்தது.

"நீ திறந்த கதவோட எண் என்ன?" என்றார் ஜெனரல்.

"அதுக்கு எண் கிடையாது பாஷா. அது அலமாரிக் கதவு."

"எண் இல்லாத கதவைத் திறந்திருக்கே. குற்றம் ரெண்டாச்சு, எழுதிக்கோங்க. ஃபயர்வால்லயும் கை வெச்சியா?"

"வைக்கல. என்கிட்ட அதுக்குச் சாவி இல்ல. யாரை விடலாம்னு அதுல இருக்கிற பட்டியலை எடுத்துப் பாருங்க."

குழுவில் ஃபயர்வாலைத் தொடத் தெரிந்தவன் ஒருவன்தான், ஸிக்ரி. அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பவன். அவன் வியர்வையோடு வந்து இரண்டு தாளை மேசையில் வைத்தான். மேசையில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாததால், படித்துக் காட்டும்படி குற்றம் சாட்டப்பட்டவனிடமே கொடுத்தார்கள்.

வகீஹ் முதல் வரியைப் படித்தான். மறுபடி படித்தான். "பாஷா, முதல் வரியில ஒரு வீட்டு முகவரி இருக்கு. அங்கேர்ந்து எங்க வேணா, எந்த போர்ட்ல வேணா, எந்நேரமும் உள்ள வரலாம்னு எழுதியிருக்கு. பதினோரு மருத்துவமனைக்கும்."

"அது என் வீடு," என்றார் ஜெனரல், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "மொட்டைமாடியில நூத்திருபது புறா வளர்க்குறேன். இங்கேர்ந்து அதுகளைப் பார்க்க கேமரா வெச்சிருக்கேன். இந்த ஸிக்ரிப் பயல் எந்த எண்ணைத் திறக்கணும்னு கேட்டான். எனக்கு என்ன எண்ணு தெரியும்? எல்லாத்தையும் திறன்னேன்."

"அதுக்குப் படிவம், பாஷா?"

"என்கிட்ட நானே விண்ணப்பிக்கிறது நாகரிகமா இருக்குமா?"

உறுப்பினர்கள் நாகரிகமாக இருக்காது என்று ஒப்புக்கொண்டார்கள். தாள்களைத் திருப்பி வாங்கி ரகசியம் என்று முத்திரை குத்தினார்கள். ரகசியத்தைப் படித்தது மூன்றாவது குற்றம் ஆயிற்று. தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது.

தீர்ப்புக்கு முன்னால் வேறொன்று வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாரம் தொடங்கும் நேரத்தில், வாரியத்தின் பதினோரு மருத்துவமனைகளிலும் திரைகள் கறுத்தன. எங்கிருந்தோ எவனோ நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டான். அறுவை சிகிச்சைப் பட்டியல்கள், எக்ஸ்ரே படங்கள், ரத்த வங்கி, டைரக்டரி சர்வர் எல்லாம் போயிற்று. மருத்துவர்கள் தாழ்வாரத்தில் நின்று நோயாளிகளிடமே அவர்களுக்கு என்ன நோய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். புறாக் கேமராவை வாங்கியபோது அதில் இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. அவன் அதன் வழியாக ஏறி முதல் வரியின் வழியாக இறங்கியிருந்தான்.

கால்வாயின் எதிர்க்கரையில் சிறுநீரகப் பிரிவு மட்டும் வழக்கம்போல் ஓடியது. அதுதான் எதோடும் இணைக்கப்படவில்லையே. அங்கே கதவில்லாத ஒரு அலமாரியும் ஒரு பள்ளி நோட்டும் இருந்தன.

வகீஹ் வேறொரு பெட்டியில் எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு டைரக்டரி சர்வரை மீட்க ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் தலைமையகத்தில் பாராட்டு விழா. வாரியத்தில் பாதிக்கப்படாத ஒரே பிரிவை உருவாக்கியதற்காக ஜெனரலுக்குப் பதக்கம். குற்றப்பத்திரிகை நிலுவையில் இருக்கும்போதே வகீஹுக்கும் ஒரு சான்றிதழ். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவன் மைக்கைப் பிடித்தான். "அந்தத் திருடன் இந்த பாஷாவோட புறாக்கூண்டு வழியாத்தான் வந்தான்," என்றான். "எங்க நர்ஸுக்கு ஒரு பதில் வர விடல. அவனுக்கு எல்லாத்தையும் திறந்து வெச்சிருந்தாங்க. எங்க பிரிவு தப்பிச்சது உங்களால இல்ல. நீங்க எங்களைக் கைவிட்டதால."

ஜெனரல் நிதானமாக எழுந்தார்.

"பையன் சொல்றது அத்தனையும் உண்மை," என்றார். "எதிரி என் வீட்டு வழியாத்தான் வந்தான். ஏன்? வேற எல்லா வாயிலையும் நான் மூடி வெச்சிருந்தேன். பாவி, அவனுக்கு வேற வழியே இல்ல! ஒரு எதிரியை நேரா தளபதி வீட்டுக்கே வர வெச்சது எந்த நாட்டுல நடந்திருக்கு?"

கை தட்டல் இரண்டு நிமிடம் நீடித்தது. வகீஹ் சான்றிதழை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தான். நான்கு மாடி ஏறி ஏறிப் பழகிய கால்கள் அன்று கீழே போயின, அடித்தளத்துக்கு.

ஸிக்ரி புதிய ஃபயர்வாலின் முன் தனியாக உட்கார்ந்து ஃபலாஃபல் தின்றுகொண்டிருந்தான். பழையது அழிந்துவிட்டதால் பட்டியல் வெறுமையாக இருந்தது. ஒரே ஒரு வரி ஏறியிருந்தது. வகீஹ் குனிந்து பார்த்தான்.

"புறாவா? மறுபடியுமா? உனக்குச் சூடு சொரணை இருக்கா?"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? முதல்ல அதைப் போடுன்னு உத்தரவு. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"பன்னிரண்டு பேர் கையை நீட்டிக்கிட்டுக் கிடந்தாங்கடா. அந்த நேரத்துல நீ எங்க இருந்தே? இங்கதான். இதே நாற்காலியில. ஒரு விரல் அசைச்சிருந்தா போதும்."

"படிவம் வரலை..."

"புறாவுக்கு எந்தப் படிவம் வந்துச்சு? சொல்லு. எந்தப் படிவம்?"

ஸிக்ரி ஃபலாஃபலைக் கீழே வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். வாசலைப் பார்த்தான். மேலே இருந்து மறுபடி கை தட்டல் கேட்டது.

"எண்ணைச் சொல்லு," என்றான்.

வகீஹ் சொன்னான். சிறுநீரகப் பிரிவிலிருந்து, அந்த ஒரு சர்வருக்கு மட்டும், இந்த எட்டு எண்கள் மட்டும். 636ஐ இரண்டு முறை சொன்னான். பதில் திரும்பி வரவும் வழி விடச் சொன்னான். பிறகு முதல் வரியைக் காட்டினான். புறாவைப் பார்க்க ஒரு எண் போதும், அதுவும் ஜெனரலின் மேசையிலிருந்து புறாவரைக்கும் போனால் போதும், புறா உள்ளே வர வேண்டியதில்லை என்றான். ஸிக்ரி அதையும் மாற்றினான். எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம் ஆனது.

"தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாங்க," என்றான் ஸிக்ரி.

"அவங்கள்ல யாருக்குப் படிக்கத் தெரியும்?"

யாருக்கும் தெரியவில்லை. குழு வாரம் ஒருமுறை கூடி, டீ குடித்து, அந்த விண்ணப்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தது. இருபது பெட்டிகளையும் ஒவ்வொரு தாளாகப் பார்த்ததாகச் சொல்வார்கள். வல்லுநர் ஒருவரைக் கெய்ரோவிலிருந்து வரவழைத்து, அவருக்கும் டீ கொடுத்து அனுப்பினார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மதாம் ஸுஹைர் அனுப்பிய ஆள் சிறுநீரகப் பிரிவுக்கு ஒரு உறையோடு வந்தான். வகீஹ் அப்போது மூன்றாம் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு திரையின் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். உறைக்குள் கழுகு முத்திரையோடு கடிதம், மூன்று நகல்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?" என்றார் பயூமி.

வகீஹ் படித்தான். "தீவிரமா ஆராய்ஞ்சு நிராகரிச்சுட்டாங்களாம் மாமா. எந்த வாயிலையும் திறக்க முடியாதாம். இந்தப் பிரிவு இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணுமாம். அதான் இறுதி முடிவாம்."

இன்ஸாஃப் அலமாரியின் முன் நின்றாள். அதற்கு இப்போது புதுக் கதவு. தன் பெயரைத் தட்டினாள், தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டைத் தட்டினாள், பயூமியின் எண்ணைத் தட்டினாள். கால்வாயைத் தாண்டிக் கேள்வி போய்ப் பதில் வந்தது. அலமாரி ஒரு குப்பியை வெளியே தள்ளியது.

"இப்ப இருக்கிற மாதிரியேவா?" என்றாள் அவள், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே. "அந்த ஆளுக்கு என் சார்பா நன்றி சொல்லி எழுது. மாமா, கையை நீட்டுங்க."

வந்த ஆள் பேனாவை நீட்டினான். வகீஹ் மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டான்.